சதுர அடைப்புக்குறி

நாட்டின் பெயரை எழுத மாட்டேன்.
ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் தலைநகர்,
இரண்டு படைகள் பிரிந்த இடமும் அதுதான்.
அவ்வளவு சொல்லலாம்.

டிசம்பர். டெல்லி, சாணக்கியபுரி.
ரவுண்டானாவில் இறங்கிய புகைமூட்டம்
பதினேழு கொடிகளையும் ஒரே சாம்பலாக்கியிருந்தது.
ஹோட்டலின் இரண்டாம் தளத்தில் கண்ணாடிக் கூண்டு.
உள்ளே நானும் ரிஸ்வியும்,
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறி.
காயல்பட்டினத்தில் ஓதக் கற்ற மொழி
இங்கே மணிக்கணக்கில் கூலி வாங்கித் தருகிறது.

இரு தளபதிகளின் ஆட்களுக்கும் ஆளுக்கொரு மைக்.
சுவரோரம் ஐந்து நாற்காலி, குடிமக்கள்.
கழுத்து அட்டையில் 'பார்வையாளர்'.

'ஆழ்ந்த கவலை' என்றார் முதல் தூதர்.
'மிக ஆழ்ந்த கவலை' என்றார் அடுத்தவர்.
வாய் இரண்டு மொழிகளில் ஓடும்போது
தலைக்குள் மூன்றாவது சும்மா இருப்பதில்லை.
மாடு பூட்டி நீர் இறைப்பதற்கும்
கவலை என்றுதான் பெயர்.
ஆழத்தில் இறங்கினால்
சால் நிறைய ஏதாவது மேலே வரவேண்டும்.
காலையிலிருந்து இறங்குகிறது, இறங்குகிறது,
உருளையின் கிரீச்சொலி மட்டும் கேட்கிறது.

பதினோராம் பத்தி.
'குடிமக்கள் தலைமையிலான இடைக்கால ஆட்சியை ஆதரிக்கிறோம்'
என்ற வரி சதுர அடைப்புக்குறிக்குள் கிடந்தது.
அப்படியென்றால் இன்னும் சம்மதமில்லை.
ஒருவர், 'தலைமை' எதற்கு, 'பங்கேற்பு' போதுமே என்றார்.
ஒருவருக்கு 'ஆதரிக்கிறோம்' கனமாக இருந்தது.
ஒரு வினைச்சொல்லுக்கு ஐம்பது நிமிடம்.
இடையில் சமோசா வந்தது.

அப்போதுதான் தஹானி எழுந்தார்.
மூன்றாவது நாற்காலி. கணக்கு டீச்சர்,
பள்ளிக்கூடம் எரியும் வரை.

என் காதுக்கருவியில் ஒன்றும் வரவில்லை.
மைக்கில் வருவதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டும், அது விதி.
ரிஸ்வி என்னைப் பார்த்தார்.
கருவியைக் கழற்றினேன்.
கூண்டின் கதவை ஒரு சாண் திறந்தேன்.

"எங்கள் தெருவில் நானூற்றுப் பதினெட்டுத் தட்டு.
பருப்பு மூட்டை எந்தச் சாவடி வழியாக வரலாம் என்று
இரண்டு படையிடமும் பேசுவது நாங்கள்.
பிணங்களை எடுக்க ஒரு மணி நேரம்
துப்பாக்கியை நிறுத்தி வைத்ததும் நாங்கள்.
தண்ணீர் மோட்டாருக்கு டீசல் தேடுவதும் நாங்கள்.
ஆட்சி என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ,
அது தினம் காலை ஆறு மணிக்கு அங்கே நடக்கிறது.
அதைச் சுற்றி ஏன் வேலி போட்டிருக்கிறீர்கள்?"

வேலி என்றுதான் சொன்னார்.
நான் திருத்தவில்லை.

தலைவர், மிகப் பணிவாக:
'இது குறிப்பில் ஏறாது.'
அதையும் பெயர்த்தேன், அரபியில்,
பணிவு குறையாமல்.

இரவு ஒன்பதரைக்கு அறிக்கை வந்தது.
அடைப்புக்குறி போயிருந்தது.
சந்தோஷப்பட ஒரு நொடி கிடைத்தது.
பிறகுதான் பார்த்தேன்,
'ஆதரிக்கிறோம்' எழுந்து போன இடத்தில்
'கவனத்தில் கொள்கிறோம்' உட்கார்ந்திருந்தது.

மறுநாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்.
தஹானிக்கு ஓர் அகப்பை வேண்டும்,
தீயிலிருந்து தள்ளி நின்று கிளற
நீளக் காம்புள்ளதாக.
கல்யாணமா என்றார் கடைக்காரர்.
எத்தனை பேர்?
நானூற்றுப் பதினெட்டு என்றேன்.
சின்னக் கல்யாணம்தான் என்றார்.
சட்டியில் இருந்தால்தானே என்று
ஒரு பழமொழி தொண்டை வரை வந்தது.
பெயர்க்காமல் விழுங்கினேன்.

பெட்டியில் அடங்கவில்லை. காம்பு ஒரு முழம் வெளியே.
விமான நிலையத்தில் சீருடைக்காரர்
இது என்ன என்று கேட்டார்.
நான் வாய் திறப்பதற்குள்
தஹானி அதை உருவி இரண்டு கையாலும் பிடித்துக்
கிளறிக் காட்டினார்,
காற்றில்,
பெரிய வட்டமாக.